மைக் பிடிக்காத டிஜே

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள், பாட்டுப் போட்டு ஊரையே ஆட வைக்கிற டிஜே ஆனது எப்படி என்று சொந்தக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான்: பேச்செல்லாம் அண்ணனுடையது. அவன் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்றுவான். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலை நிமிராமல் பாட்டோடு பாட்டைக் கோத்துக்கொண்டிருப்பாள்.

அன்று மதியம் ஒரு சோப்புக் கம்பெனியின் ஆண்டு விழா. ஸ்பீக்கருக்கு வயர் செருகிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் பண்ணினான்.

"கோட்டான், அண்ணிக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். இன்னைக்கு நீயே சமாளிச்சுடு."

"மைக்ல யாரு பேசறது?"

"நீதான். நாலு வார்த்தை பேசினா உன் சொத்தா கரைஞ்சு போயிடும்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

கம்பெனி மேனேஜர் வேறு வந்து நின்றார். "எங்கம்மா அந்தக் கலகலப்பான தம்பி? வரலையா? அப்ப நீயே பேசி எல்லாரையும் ஆட வச்சிடு. முதலாளி வர்ற நேரம். இப்படி ஈ ஓட்டிக்கிட்டிருந்தா என் மானம் போயிடும்."

அண்ணன் வழக்கமாகப் போடச் சொல்லும் அதிரடிப் பாட்டுகளைப் போட்டாள். ஒருவரும் அசையவில்லை. பளீரென்ற விளக்குகளுக்குக் கீழே, தட்டும் கையுமாகச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்கை எடுத்தாள். "எல்லாருக்கும்..." என்பதற்குள் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. யாரோ சிரித்தார்கள். சுட்டதுபோல மைக்கைக் கீழே வைத்தாள். இருப்பதிலேயே நீளமான பாட்டு ஒன்றை ஓடவிட்டு, மாடிப்படிப் பக்கம் ஓடிப்போனாள்.

படியில் கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் ஒளிஞ்சுக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"நல்லதாப் போச்சு, உக்காரு. உள்ள போனா ஆடுன்னு கையைப் பிடிச்சு இழுப்பாளுங்க."

எதிரில் ஒரே ஒருத்தி என்றால் அவளுக்கு நாக்கு புரளும். "யாரும் இழுக்கலைன்னா ஆடுவீங்களாக்கா?"

"இவ்வளவு வெளிச்சத்துலயா? அதுவும் இல்லாம அந்தப் பாட்டு நாய் துரத்தற மாதிரி ஓடுது. நாங்க பேக்கிங்ல பெட்டி மடிக்கறப்ப எல்லாருமாச் சேர்ந்து தட்டுவோம் பாரு, அதுல ஒரு சுகம் இருக்கும்." படியில் தட்டிக் காட்டினாள். தட். தட்தட். தட்.

இவள் கண்ணை மூடிக் கவனித்தாள். "இன்னொரு தடவை தட்டுங்கக்கா."

விழாக் கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். பாதி விளக்கை அணைத்தாள். பாட்டை நிறுத்திவிட்டு வெறும் டிரம்மை மட்டும் விட்டாள். தட். தட்தட். தட். கூட்டம் சும்மா நின்றது. மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா, பாட்டையே காணோம்?"

"கொஞ்சம் பொறுங்க சார்." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. கெடுத்துவிட்டோமோ? அண்ணன் பேரும் சேர்ந்து நாறப்போகிறதோ?

மூலையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். "ஏய், நம்ம பெட்டித் தாளம்டி!" என்று ஒரு குரல். இன்னொரு மேசையிலும் தட்டினார்கள். பேக்கிங் பிரிவு சிரித்துக்கொண்டே நடுவில் இறங்க, அவள் தாளத்தின் மேல் ஒரு பாட்டை மெல்ல ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் நடுவில் கால் வைக்க இடமில்லை. வாசல் ஓரமாக, யாரும் இழுக்காமலேயே, படியில் பார்த்த அக்கா தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலாளி வந்ததும் மேனேஜர் மைக்கை நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசும்மா!"

"எனக்கு வராது சார்." ஒலியைக் கூட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் தொட்டிலும் கையுமாக இருந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து அவளுக்கே போன் வந்தது. ஒரே மூச்சில் சொன்னாள்: "மைக்ல பேச மாட்டேங்க. ஆனா விழாவுக்கு முன்னாடி உங்க ஆளுங்க ரெண்டு மூணு பேர்கிட்டத் தனித்தனியாப் பேசணும்."

எதிர்முனையில் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டுக்கொள்வது காதில் விழுந்தது.

"எங்க மாமா ஒருத்தர் வாயே திறக்க மாட்டார்," என்றது அந்தக் குரல். "அவர்கிட்டப் பேசறீங்களா?"

"அவர்கிட்டயே முதல்ல பேசறேங்க," என்றாள்.