பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை

என் கோஸ் கறியில் வெண்ணெய் கலக்கிறேன் என்று டெஸ்ஸி ஊர் முழுக்கத் தமுக்கடித்தவள் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அக்கா திருவொர்க்தான். போன வெள்ளிக்கிழமை வந்தாள், சட்டியை மோந்து பார்த்தாள், போய்விட்டாள். பெருநோன்பு நாளில் பாலும் வெண்ணெயும் நாக்கில் படக்கூடாது. எனக்கு எப்படிப்பட்ட பேர் வந்திருக்கும், பாருங்கள்.

மாதாமாதம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடும் மரியாள் கூட்டத்தின் முறை இன்று எங்கள் வீட்டில். பன்னிரண்டு பெண்கள். இவர்கள் கை நனைக்காமல் எழுந்துபோனால் கூட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். சமையலறைக்குள் சமைத்தால்தானே சந்தேகம்? கரியடுப்பைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

"என்னடி அயெலெச், கடை போட்டுட்டியா?" என்றாள் திருவொர்க்.

"உங்க கண்ணுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான்க்கா. வாங்க, பக்கத்துலயே உக்காருங்க."

வெங்காயத்தை வெறும் சட்டியில் போட்டு, ஒட்டும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துத் தெளித்து வதக்கினேன். இஞ்சி, பூண்டு, மஞ்சள். பிறகு கேரட், உருளைக்கிழங்கு, கடைசியாகக் கோஸ். நோன்பில் மணி மூன்றாகும்வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நானும் உப்புப் பார்க்கவில்லை. எல்லாம் கைக்கணக்குதான். இறக்கும் நேரத்தில் பாட்டிலிலிருந்து எண்ணெயை ஊற்றினேன். வாசனை கூரையை முட்டியது.

"வந்துருச்சு பாருங்கடி! இது வெண்ணெய் இல்லாம என்ன?" என்று திருவொர்க் துள்ளினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொசெரெட் இலையை எண்ணெயில போட்டுக் காய்ச்சி வச்சிருக்கேன். நீங்க அதை வெண்ணெயில மட்டுமே போட்டுப் பழகினவங்க. அந்த இலை என்ன, பசு மடியிலயா முளைக்குது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திருவொர்க் அசையவில்லை. "வாய் சொல்லும். வயிறுல்ல பாவத்தைச் சுமக்கும்?" என்றாள்.

மணி மூன்றடித்தது. நான் இஞ்செரா அப்பத்தைப் பிய்த்து, கறியை அள்ளிச் சுருட்டி, நேராக அவள் வாயருகே நீட்டினேன். ஊட்ட வந்த கையை மறுப்பது எங்களில் முகத்தில் அறைவதற்குச் சமம். வாயைத் திறந்தாலோ, கறியில் வெண்ணெய் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்ற எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு, பாவம், அது என் பக்கம் நின்றது. வாய் திறந்தது. கன்னம் புடைக்கும்படி திணித்தேன்.

மென்றாள். கண் தானாகச் செருகியது. விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

"ஒரு வாயோட நிறுத்தினா பகைடி. ரெண்டாவது குடு."

"தெரியும்க்கா. ஊரெல்லாம் சொன்ன வாய் இங்கேயும் ஒரு தடவை சொல்லட்டும். அப்புறம் தரேன்."

தன் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"வெண்ணெய் இல்ல," என்று முனகினாள்.

சுருட்டிய இஞ்செராவைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்:

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலைக்கா."