நாடகக்காரியின் மீதிக் கதை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் நிவேதா தன் போனை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாளும் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய் வருகிறவள், ஏழாவது நாளாவது சும்மா இருக்கக்கூடாதா? "அம்மா, நீ சொல்லுவியே நாடகக்காரி படம், முழுசா போட்டுக்கீறாங்கம்மா" என்றாள். ஆய்ந்துகொண்டிருந்த கீரை என் கையிலேயே நின்றுவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரேஷன் கடைக்குக்கூட மனுஷன் இவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.



எங்களுக்குக் கல்யாணமான புதிது. பாடிப் பாடியே ஊர் ஊராக மயக்கிய ஒரு நாடகக்காரியின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருந்தார்கள். எங்கள் கொட்டகையில் மூன்றே நாள்தான் ஓடியது. அவருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கச் சுரங்கத்தில் இறங்கினால் பத்து மணிக்குத்தான் மேலே வருவார். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்புமுன் கதை சொன்னேன். சும்மா இல்லை, பாட்டெல்லாம் பாடி, அவள் நடையெல்லாம் நடந்து காட்டி. பாதிக் கதையில் ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. மீதி நாளைக்கு என்று அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கு அவர்கள் குடைந்துகொண்டிருந்த லெவலில் பாறை வெடித்து, அவர் பக்கத்தில் நின்ற சகாயம் போய்விட்டான். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் சோற்றைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டது ஒன்றுதான். "அப்புறம் அந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சு?"

படத்தில் அவள் மேடையில் பாடிக்கொண்டே விழுந்து செத்துப்போகிறாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லாத்தான் இருந்தா. பல்லு போயும் பாடினா. பேரப்புள்ளைங்க ரெண்டு பக்கமும் புடிச்சினு வந்து மேடையில உக்கார வெச்சாங்க" என்றேன். அவர் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அதன்பிறகு பிள்ளைகளுக்கும் அந்தக் கதையையே சொல்லச் சொல்வார். நாற்பத்தைந்து வருஷப் பொய். ஏமாற்றித்தான் அன்றைக்குச் சாப்பிட வைத்தேன் என்று தெரிந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

படம் ஓடியது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பாடினதுதான் நல்லா கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி நாடகத்துக்காக அவள் அரிதாரம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சை ஒருமுறை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ரிமோட்டைத் தேடினேன். அது அவர் மடியில் இருந்தது.

அவள் மேடையேறியதும் டிவி அணைந்தது.

"அப்பா! இன்னும் பத்து நிமிஷந்தான்பா கீது!" என்று நிவேதா கத்தினாள்.

"உங்கம்மா சொல்லட்டும். சொல்லு கண்மணி, அப்புறம் இன்னா ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரங்கத்துக்குக் கொண்டுபோகும் கேஜில் அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குவார்களே, படக்கதை பேசாமலா இருந்திருப்பார்கள்? எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக, "பல்லு போயும்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லாமல் நான் லேசாகச் சாய்ந்தேன்.

"இன்னா பார்த்துனு கீற?" என்று நிவேதாவை அதட்டினார். "மேடையில உக்கார வெக்கணும், இன்னொரு பக்கம் நீ புடி."