கழுத்துக் கறுப்பு

காமாரியாவின் கடையில் குழம்பைச் சோறு முங்க முங்க ஊற்றுவதற்கு 'பஞ்சிர்' என்று பெயர். மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். காசு கொடுத்துத் தின்ன வருகிறவனுக்கே பஞ்சிர் என்றால், சொந்தத் தம்பி மகளுக்குக் கேட்க வேண்டுமா? ஃபாத்தினுக்கு ஒன்பது வயது. ஐம்பத்து மூன்று கிலோ. பள்ளி வேன் மதியம் அவளைக் கடை வாசலில் இறக்கியதும் நாலு குழம்பு கலந்த சோறு, பொரித்த கோழி இரண்டு துண்டு, பெரிய கிளாஸ் நிறைய சிராப் என்கிற சிவப்புச் சீனித் தண்ணீர். அவள் தின்று முடிப்பதற்குள், "பாரேன், கதவையே அடைச்சிக்கிட்டு நடக்கிறா" என்று அதே காமாரியா வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை அது.

பெற்றவள் நஸீஹாவுக்கு அந்தக் கையை ஒடித்தால்கூட ஆத்திரம் தீராது. ஆனால் அவளுக்குக் குயீன் ஸ்திரீட் ஜவுளிக்கடையில் ஆறு மணி வரை வேலை. புருஷன் சுலைமானோ, லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவின் கடையிலேயே சமையல். மதில்மேல் பூனை என்றாலும் என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும். சுலைமான் மதில்மேலேயே குடித்தனம் நடத்துகிறவன்.

போன வாரம் கிளினிக்கில் டாக்டர், ஃபாத்தினின் தலைமுடியை ஒதுக்கிப் பின்கழுத்தில் பட்டையாகப் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தார். பிள்ளையை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு நஸீஹாவிடம் பேசினார்.

"இது அழுக்கு இல்லம்மா. சீனி வியாதி வர்றதுக்கு முன்னாடி உடம்பு காட்டுற அடையாளம். பட்டினி போடாதீங்க. இனிப்புத் தண்ணிய நிறுத்துங்க, தினமும் ஓடி விளையாட விடுங்க, வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. எடை ஏறாம வளர்ந்தாலே போதும்."

ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் பீர்க்கங்காய் நாரால் அந்தக் கழுத்தைத் தேய்த்தவள் நஸீஹாதான். அசையாமல் நில் என்று முதுகில் அடி வேறு. வீட்டுக்குப் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுலைமானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவிடம் பேசச் சொன்னாள். "பேசுறேன்லா" என்றான். பேசவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவளுக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு நடந்தே கடைக்கு வந்துவிட்டாள். மேசையில் பஞ்சிர் தட்டு இருந்தது, பிள்ளையைக் காணோம். பின்கட்டில், பாத்திரம் கழுவுகிற குழாயடியில் ஃபாத்தின் குனிந்து நின்றாள். காமாரியா எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தொட்டு அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"கைய எடுங்க மைனி."

"நீ செய்யாத வேலையத்தான் நான் செய்றேன். ஞாயித்துக்கிழமை என் மக நூருலுக்கு நிக்காஹ். சுங்கை பாக்காப் ஊருலேருந்து சொந்தமெல்லாம் வரும். பொண்ணு பக்கத்துல இந்தக் கழுத்தோடயா நிக்கிறது?"

"அது அழுக்கு இல்ல. சீனி வியாதிக்கு முன்னாடி வர்ற கறுப்பு. நீங்க ஊத்துற சிராப்பும் கொட்டுற சோறும்தான் அது."

"என் சோத்தையா சொல்ற? பன்னிரண்டு வருஷமா உன் வீட்டு உலை இந்தக் கடையாலதான் கொதிக்குது. குச்சி குச்சியா பிறந்த வம்சம் நீ. பிள்ளை கொழுகொழுன்னு இருந்தா வயிறு எரியுது."

"எரியத்தான் செய்யுது. உங்க வாப்பாவுக்குச் சீனியில கால எடுத்தாங்களே, அப்பவும் திருந்தல நீங்க. இவளையும் அப்படிப் பார்க்கணுமா?"

அடுப்படியில் சுலைமானின் கரண்டி நின்றது. சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காமாரியா முகம் கறுத்தது, ஆனால் சிரித்தாள்.

"என்னை ஏன் கேக்குற? உன் மகளைக் கேளு. தேய்ச்சு விடுங்கன்னு அவதான் வந்து நின்னா."

ஃபாத்தின் நிமிரவில்லை. "ஸ்கூல்ல அழுக்குன்னு சொல்றாங்கம்மா. போன வெள்ளிக்கிழமை நீங்க தேய்க்கவே இல்ல. அதான் மாமிகிட்ட கேட்டேன்."

நஸீஹா கொண்டுவந்த கோபமெல்லாம் போக்கிடம் இல்லாமல் நின்றது. புருஷனிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சண்டைக்கு வந்தாள். கழுத்துக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அது அழுக்கு இல்லடா. நீ சுத்தமாத்தான் இருக்க. உடம்புக்கு உள்ள கொஞ்சம் சரியில்ல. சாப்பாட்ட மாத்தி, ஓடி விளையாடினா மெதுவா சரியாகும். நீ மட்டும் இல்ல, நாம மூணு பேருமே மாத்துவோம்."

"அப்ப ஏன் தேய்ச்சீங்க?"

காமாரியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் முன்னால் நஸீஹா எதற்கும் தலை குனிந்ததில்லை. இப்போது வாயைத் திறந்தால் மஃரிபு தொழுகைக்குள் சொந்தம் முழுக்கச் செய்தி போய்விடும். போகட்டும்.

"தெரியாம தேய்ச்சேன். தப்பு என்மேலதான். உன்னை அடிச்சதும் தப்பு."

ஃபாத்தின் கன்றிய இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அத்தைக்காரி பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்களும் சொல்லுங்க."

"என்னத்த?"

"தப்புன்னு."

காமாரியா அடுப்படியைப் பார்த்தாள். "தம்பி, உன் மக பேசுற பேச்சைக் கேட்டியா?"

சுலைமான் கரண்டியைக் கீழே வைத்தான். "கேட்டேன் லாத்தா. சொல்லுங்களேன்."

காமாரியா எலுமிச்சை மூடியைத் தொட்டியில் விட்டெறிந்துவிட்டு முன்பக்கம் போனாள். கல்லாவில் உட்கார்ந்து, வரிசையில் முதலில் நின்றவன்மேல் எரிந்து விழுந்தாள்.