ஹாய்ட் அமிழ்த்திய மரங்கள்

ஹாய்ட் செத்த வாரம் அவர் மனைவி வெர்லினின் வீட்டுக்கு வந்து குவிந்த பலகாரத்தில் பாதி துக்கத்துக்கு, மீதி துப்புக்கு. கண்டர்ஸ்வில் ஏரியில் அவர் எங்கே மரம் அமிழ்த்தியிருந்தார் என்று ஊருக்கே தெரிய வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், வீட்டில் ஜோடித்து வைத்திருந்த மரம் காய்ந்துபோனால் அதைச் சிமெண்டுக் கல்லோடு கட்டி ஏரிக்குள் இறக்கிவிடுவார். கிளைகளுக்குள் குஞ்சு மீன் ஒதுங்கும். அதைத் தின்னப் பெரிய பாஸ் மீன் வரும். இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அடுத்தவர் போட்ட மரத்தில் தூண்டில் போடுகிறவனை அந்த ஊர் மனுஷனாகவே மதிக்காது. இதை எல்லாரையும்விட உரக்கச் சொல்லித் திரிந்தவர் பக்கத்து வீட்டு ராய்ஸ்.

அவரிடம்தான் வெர்லின் வந்து நின்றாள்.

"சாம்பல அந்த மரங்க மேலதான் விடணும்னாரு. எங்கன்னு சொல்றதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. உங்களுக்குத் தெரியுமா, ராய்ஸ்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? அடுத்தவன் இடத்துப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லியே!"

"சரி. சனிக்கிழம படகுத்துறையிலயே விட்டுடறேன்."

படகுத்துறையா? பெட்ரோல் மிதக்கிற தண்ணியிலா? ராய்ஸுக்கு அன்று சோளரொட்டி இறங்கவில்லை.

சனிக்கிழமை ஊரே துறையில் நின்றது. வெர்லின் சாம்பல் பெட்டியைத் திறக்கப் போனாள்.

"ஏறும்மா என் படகுல," என்றார் ராய்ஸ். "இடம் எனக்குத் தெரியும்."

தூண்டில் கடைக்காரன் டப் விடுவானா? "யோக்கியரே, உமக்கு எப்படிய்யா தெரியும்?"

"திருட்டுத்தனமா மீன் புடிச்சேன். போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர்கூடப் பின்னால் படகெடுக்கவுமில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

கரையிலிருந்த தண்ணீர்த் தொட்டியும் பாறைமேட்டுத் தேவதாருவும் ஒரே கோட்டில் வந்ததும் ராய்ஸ் மோட்டாரை நிறுத்தினார். ஈயக் குண்டு கோத்த ரப்பர் புழுவை வீசி, அடிமண்ணில் மெல்ல இழுத்தார். கொஞ்ச தூரம் வெறும் சேறு. பிறகு தூண்டில் நரம்பில் டக், டக். கோலை வெர்லின் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு தட்டும் ஒரு கிளைம்மா."

"எங்க வீட்டு மரமா?"

"உங்க வீட்டு மரந்தான்."

கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாம்பலை விட்டாள். அது நெடுநேரம் தண்ணீரில் விரிந்துகொண்டே இருந்தது.

"வியாழக்கிழமையில அவரு ஏரிக்கே போகமாட்டாரு," என்றாள். "கேட்டா, 'அன்னிக்கு அங்க ஆள் இருக்கும்'பாரு. ஆள் யாருன்னு சொன்னதேயில்ல. வியாழக்கிழம வியாழக்கிழம நீங்க படகு எடுக்கறத நான் ஜன்னல்ல பார்ப்பேன்."

ராய்ஸ் கோலை நிமிர்த்தினார். நரம்பைச் சுற்றப் பார்த்தார். தூண்டில் முள் கிளையில் மாட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் போய்ச் சுண்டினால் வந்துவிடும், அவருக்குத் தெரியாத வித்தையா. ஆனாலும் கத்தியை எடுத்து நரம்பை அறுத்து, முள்ளை ஹாய்டின் மரத்திலேயே விட்டுவிட்டார்.