சமையல் மேடையில் ஒரு பம்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மார்க்கெட்டில் மட்டன் வாங்கிக்கொண்டு ஆஞ்சலா வீட்டுக்கு வந்தபோது, சமையல் மேடையின் விளிம்பை ஓர் இரும்பு கிளாம்பு இறுகக் கவ்வியிருந்தது. அதில் முழங்கை நீளத்துக்கு ஓர் எவர்சில்வர் உருளை நின்றது. உடைந்த ஹாக்கி மட்டையை அறுத்துச் செய்த கைப்பிடி ஒருபக்கம், வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாய் இன்னொரு பக்கம். அவள் கணவன் எட்வின் மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டேப்பை வாயில் கடித்தபடி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஈரச்சாக்கு போர்த்திய சின்ன எவர்சில்வர் டிரம் ஒன்று. மாடியில் குடியிருக்கும் ஷ்ரேயாஸுக்குப் பம்பு செய்து தருகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இந்த வெயிலில், டேங்கர் வராத தெருவில், பம்பு என்றால் அவளுக்குத் தண்ணீர்தான்.

"இது இன்னாத்துக்குங்க இங்க? தண்ணி மேல ஏத்தவா?"

எட்வின் டேப்பை வாயிலிருந்து எடுத்தான். "தண்ணிக்கு இல்ல ஆஞ்சி. பியருக்கு."

ஆஞ்சலா மட்டன் பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். எட்வின் குடியை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு அவன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கம்பெனி அவனை வெளியே அனுப்பியிருந்தது. மகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று போதையில் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டவனைத் தாண்டாமல், பிள்ளையைப் பக்கவாட்டு கேட் வழியாகக் கூட்டிப்போனவள் அவள். இன்றைக்கும் துவைக்கப் போடும் சட்டையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் பக்கெட்டில் நனைப்பாள். முகர்வது அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

எட்வின் எழுந்து உட்கார்ந்து விளக்கினான். ஷ்ரேயாஸ் இங்கிலாந்தில் இரண்டு வருஷம் படித்தவன். அங்கே சில கடைகளில் பியரை கேஸ் அடித்துத் தள்ளுவதில்லையாம். பீப்பாயிலேயே அது புளித்துக்கொண்டு உயிரோடு இருக்குமாம், கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்களாம். அதேபோல அவனும் மாடியில் காய்ச்சி வைத்திருக்கிறான். பம்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கட்டுப்படியாகவில்லை. முதலில் தண்ணீர் கேனில் வைத்து அமுக்கும் பம்பைப் போட்டுப் பார்த்தார்கள், வெறும் நுரைதான் வந்தது. அப்புறம் எட்வின் லேத் பட்டறைக்குப் போய் உருளையைக் கடைந்து வந்தான். கிளாம்பு மாட்டிச் சோதித்துப் பார்க்க இந்த மேடைதான் தோதாம். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. அதைப் பார்த்து ஆஞ்சலாவுக்குச் சந்தோஷமா பயமா என்று புரியவில்லை. அவன் இப்படிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. ஆனால் பேச்சு இதைப் பற்றியா வரவேண்டும்?

அவள் பின்கட்டுக்குப் போய் நாகேஷுக்குப் போன் போட்டாள். ஜீவனஹள்ளியில் டயர் கடை வைத்திருப்பவன். குடியை விட்டவர்கள் வியாழக்கிழமை தோறும் கூடும் ஹாலுக்கு எட்வினை முதன்முதலில் கையைப் பிடித்து இழுத்துப் போனவன் அவன்தான். எட்வின் அவன் சொன்னால் கேட்பான்.

நாகேஷ் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். கத்தப்போகிறான் என்று நினைத்து ஆஞ்சலா ஜன்னலைச் சாத்தினாள். அவன் மேடையைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், எட்வினை மேலும் கீழும் பார்த்தான். எட்வின் கைப்பிடியை ஒருமுறை இழுத்தான். புஸ்ஸென்ற சத்தத்தோடு குழாய் நுரையைத் துப்பியது.

"காத்து இழுக்குதுண்ணா," என்றான் நாகேஷ். "எங்கியோ ஜாயிண்ட்டு லூசா கீது."

"அதான் தெரியல. தண்ணி ஊத்திப் பாத்தப்ப நல்லாதான் இருந்துச்சு."

ஆஞ்சலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாகேஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தான். கொஞ்ச நேரத்தில் மேடைக்கு அடியில் இரண்டு ஜோடி கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வாஷர், ஸ்பேனர், "இன்னும் கொஞ்சம்", "போதும், போதும்" என்று குரல்கள். திட்ட வந்தவனுக்கு டீ போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். டிரம்மிலிருந்து குழாய் ஏறும் இடத்தில் நாகேஷ் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, எட்வின் எழுந்து கைப்பிடியை இழுத்தான். புஸ்ஸென்ற சத்தம் நின்றது. "இங்கதாண்ணா! கெடச்சிச்சு!" என்று நாகேஷ் கத்திய வேகத்தில் விரல் நழுவி, குழாய் பிடுங்கிக்கொண்டு, பியர் அவன் கையிலும் மார்பிலும் பீச்சியடித்தது.

எட்வின் சட்டென்று டிரம்மின் திருகுக் குழாயை மூடினான். சிரிக்கப்போன நாகேஷ் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கையைத் தேய்த்துக் கழுவினான். துடைத்தான். மறுபடியும் சோப்பை எடுத்தான்.

"நான் கெளம்புறேங்க்கா."

"இன்னா நாகேஷ், நீ அவருக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவேன்னுதான கூப்ட்டேன்?"

"நான் இன்னா சொல்றது? என் கைய நானே மோந்து பாத்துக்கினு கீறேன்." அவன் குரல் இறங்கியிருந்தது. "நான் இங்க இருக்கக்கூடாதுக்கா. தப்பா நெனைக்காத."

வலக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்தபடி அவன் கேட்டைத் தாண்டிப் போவதை அவள் பார்த்தாள். அவன் எட்வினுக்கும் முந்திக் குடியை விட்டவன். அவனுக்கே இப்படி என்றால்? திரும்பி வந்தபோது எட்வின் அந்த ஜாயிண்ட்டுக்கு டேப் சுற்றி முறுக்கி முடித்திருந்தான்.

"உங்கள ஒண்ணும் பண்ணலையா இது?"

"பண்ணுது."

இல்லை என்று சொல்லுவான் என்றுதான் அவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

"அப்பறம் ஏங்க?"

"எனக்கே தெரியல ஆஞ்சி. வாஷர் சரியா உக்காருமான்னு யோசிச்சுக்கினு இருக்கறப்ப அந்த நெனப்பே இல்ல. உக்காந்துட்டா வருது."

"இப்ப?"

"உக்காந்துடுச்சு," என்றான் எட்வின்.

ஸ்பேனரை மேடைமேல் வைத்தான். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். "லேத்து ஆயில் வாட கலந்திருக்கான்னு யாராச்சும் குடிச்சுப் பாக்கணும். ஷ்ரேயாஸ் மல்லேஸ்வரத்துக்குப் போயிருக்கான். சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸ கூட்டிக்கினு வருவான்." அவளைக் கேட்கவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை.

இதைத் தூக்கி வெளியே போடு என்று சொல்லலாம். சொன்னால் போட்டுவிடுவான். போட்ட பிறகு நாளைக் காலை முதல் பழையபடி டிவிக்கு முன்னால் உட்காருவான். எது ஆபத்து, எது காவல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "நீங்க வாசலுக்குப் போங்க," என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

அவள் டிரம்மின் திருகுக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்து வளைந்த குழாய்க்கு அடியில் பிடித்தாள். கைப்பிடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், உருளைக்குள் எதுவோ நிறைந்து ஏறுவது அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. புஸ்ஸென்ற சத்தம் எதுவும் இல்லாமல், பனைவெல்லத் தண்ணீர் நிறத்தில் அது இறங்கியது. மேலே பாலாடை மாதிரி நுரை கட்டியது. சிலுவை போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்து, இதற்கா என்று வெட்கப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள்.

அவளுக்குத் தெரிந்த நாற்றம் இதில் இல்லை. அது வியர்வையும் பான்பராக்கும் பொய்யும் கலந்தது. இது கருகிய ரொட்டி ஓரம்போல இருந்தது. பிறகு லேசான கசப்பு, கசப்புக்குப் பின்னால் எங்கிருந்தோ ஓர் இனிப்பு. ஆயில் வாடை இல்லை. நிச்சயமாகத்தான் இல்லையா? இன்னொரு மடக்குக் குடித்தாள். இத்தனை வருஷம் இவன் இதற்காகவா எங்களை விட்டுவிட்டுப் போனான் என்று கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூன்றாவது மடக்கு எதைச் சோதிக்க என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆஞ்சி? எப்படி கீது?" வாசலிலிருந்து எட்வின் கேட்டான்.

அவன் திரும்பும் காலடி கேட்டதும், யோசிப்பதற்குள் அவள் கை டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. நுரை தளும்பி, விரல்களின் வழியே புடவையில் குளிர்ச்சியாக இறங்கிக்கொண்டிருந்தது.