இம்ரான் நின்ற இடம்

அந்த வருஷம், உலகத்தில் கோப்பைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் கோப்பை கிடைத்துவிட்டது. ஊருக்குப் போகக் காத்துக் கிடந்த இம்ரானுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைத்தான் அவன் முதலாளிக்குப் புரியவைக்க முடியவில்லை.

இம்ரான் முத்துப்பேட்டைக்காரன். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஷாஹுல் ஹமீதின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் ஆற்றுகிற வேலை. பெர்மிட் முதலாளி எடுத்துக் கொடுத்தது. பாஸ்போர்ட்டும் முதலாளியின் மேசை டிராயரில் ‘பத்திரமாக’ இருந்தது. அவன் விமானம் ஏறியபோது மனைவி மெகராஜின் வயிற்றில் இருந்த பெண் பிள்ளை இப்போது நடக்கிறது. அதை அவன் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. இரண்டு வருஷம் முடிந்ததும் லீவு என்பது பேச்சு. முடிந்ததும் கேட்டான். “நோன்பு முடியட்டும் லா,” என்றார் முதலாளி. பெருநாளும் முடிந்தது. மே மாதம் கட்டாயம் என்றார்.

அந்த மே மாதத்தில்தான் கடையின் வாடிக்கைக்காரர் மாரிஸ் அங்கிள் வந்து குறுக்கே விழுந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர், நல்ல மனுஷர். ஆனால் டோட்டன்ஹாம் கால்பந்துக் குழுவின் ரசிகர். கோப்பையைக் கண்ணால் பார்த்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. கடைத் திரையில் ஓடிய யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் அவருடைய ஆள்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். நம் ஆள்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாரும் இடம் மாறக் கூடாது, காலை மடக்கியிருந்தால் நீட்டக் கூடாது. இம்ரான் பால்டின் எடுக்க உள்ளே ஒரு கால் வைத்தான்.

“தம்பி! நகராதே லா! நின்ன இடத்துலேயே நில்லு!” என்று அலறினார் மாரிஸ் அங்கிள்.

நின்றான். டோட்டன்ஹாம் ஜெயித்தது. அங்கிள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்து அழுதார். “நீ ராசிக்காரன்டா, மகனே.”

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் பனம்பழங்கள் வரிசையாக விழுந்தன. அதே மாதக் கடைசியில் பாரிஸ்காரர்கள் ஐந்து கோல் போட்டு முதன்முதலாகச் சாம்பியன்ஸ் லீக்கை வாங்கினார்கள். அடுத்த சில நாளில் பெங்களூரு, பதினெட்டாவது சீசனில் முதல் ஐபிஎல் கோப்பை. ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்கா, இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் ஒரு பெரிய பட்டம். எல்லா ஆட்டத்துக்கும் இம்ரான் தேநீர்ப் பட்டறையில்தான் நின்றான். தோற்ற ஆட்டங்களுக்கும் அங்கேதான் நின்றான். வேறு எங்கே போவான்? ஆனால் தோற்றதை யார் கணக்கில் வைக்கிறார்கள்!

“அப்ப சென்னை ஏன் பாஸ் கடைசியில வந்துச்சு?” என்று செந்தூலில் இருந்து வந்த ஒருவர் கேட்டார்.

“அஞ்சு கப் வாங்குனவனுக்கு என்ன அவசரம்? நம்ம இம்ரான் ராசி காத்துக் கிடக்கறவங்களுக்கு மட்டும்தான்,” என்றார் ஷாஹுல் ஹமீது.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடலாம். அவர் மனசார நம்பினார், அதுதான் கொடுமை. பட்டறைக்குப் பின்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டார். ஆட்டம் சூடு பிடித்தால் இம்ரான் அதற்குள் நிற்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி, தேசிய தினத்தன்று, கலப்பு இரட்டையர் பூப்பந்தில் மலேசிய ஜோடி முதன்முதலாக உலகப் பட்டம் வாங்கியபோது இம்ரானுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. “இன்னும் நாலு பாயிண்ட்தான், அடக்கிக்கோ,” என்று கிள்ளானில் இருந்து வந்த ஒரு அக்கா கெஞ்சினார். அடக்கிக்கொண்டான். பட்டம் வந்ததும் அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் அழுதான். நாட்டுப்பற்று என்று நினைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள்.

அந்தப் படத்தை மெகராஜும் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கீங்க மச்சான்,” என்றாள் போனில். “நம்ம புள்ள இங்க ஆம்பளக் குரல் கேட்டாலே பெத்த அத்தா வந்துட்டாருங்கிறா. நேத்து மீன்காரர ‘அத்தா’ன்னு கூப்புட்டுட்டுப் பின்னாடியே ஓடுறா. எனக்கு எப்படி இருக்கும்?”

அன்றைக்கே போய் லீவு கேட்டான். நவம்பரில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை முடியட்டும் என்றார் முதலாளி. நவம்பரில் இந்தியப் பெண்கள் முதன்முதலாக அதை வாங்கினார்கள். இம்ரானுக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் போய் நின்றான்.

“கார் பந்தயம் ஒண்ணுதான் பாக்கி லா. மாரிஸ் அங்கிள் அந்த நோரிஸ் பையனுக்கு உசுர விடறாரு. அது முடியட்டும். அப்புறம்…” ஷாஹுல் ஹமீது தலையைச் சொறிந்தார். “ஜூலையில ஃபுட்பால் உலகக் கோப்பை முடிஞ்சதும் ஜாம் ஜாம்னு போயிட்டு வா.”

இம்ரான் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த உலகத்தில் ஆட்டங்கள் முடியவே போவதில்லை. முடிய வேண்டியது ராசிதான். அதைத் தன் கையாலேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு, இரவு ஒன்பது மணிக்குப் பந்தயம் தொடங்கியது. நோரிஸ் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் போதும், முதல் முறையாகச் சாம்பியன். பாதிப் பந்தயத்தில் இம்ரான் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் ரொட்டி வீசிக்கொண்டிருந்த நிஜாமைக் கூப்பிட்டான்.

நிஜாம் அதிராம்பட்டினத்துப் பிள்ளை. ஜனவரியில் நிக்காஹ். லீவு எழுதி வாங்கி, பத்திரிகையும் அடித்தாயிற்று. கடையில் எல்லாருக்கும் காட்டிவிட்டான்.

“வயிறு சரியில்ல நிஜாம். செத்த நேரம் இத ஆத்து,” என்று குவளைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனான். பூக்கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, தலைகளுக்கு நடுவே திரையைப் பார்த்தான். ‘யா அல்லாஹ், அவன் தோத்துறணும்’ என்று வேண்டினான். தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒருத்தன் தோற்க வேண்டும் என்று வேண்டுவது அவனுக்கே கேவலமாக இருந்தது. இருந்தாலும் வேண்டினான்.

நோரிஸ் மூன்றாவதாக வந்தான். இரண்டே புள்ளியில் உலகச் சாம்பியன்.

கடை அதிர்ந்தது. அப்புறம்தான் இம்ரானுக்கு மண்டையில் உறைத்தது: நான் அங்கே இல்லையே! நான் இல்லாமலேதான் ஜெயித்திருக்கிறான்! சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து கடைக்குள் வந்தான்.

உள்ளே நிஜாமைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். மஞ்சள் கட்டத்துக்கு மேலே, கையில் குவளையோடு, என்ன நடக்கிறதென்றே தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இம்ரான் மேல இருந்த ராசி இறங்கிப் போச்சு,” என்று ஷாஹுல் ஹமீது எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “இப்ப நிஜாம் மேல ஏறியிருக்கு. ராசின்னா அப்படித்தான், ஒரே ஆள் மேல எத்தன நாளைக்கு நிக்கும்?” சொன்ன கையோடு டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து இம்ரானின் கையில் வைத்தார். “இந்த வாரமே கெளம்பு. டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்.”

நிஜாமைக் கீழே இறக்கினார்கள்.

“நீ உலகக் கோப்பை முடிஞ்சு போ, நிஜாம்.”

“முதலாளி, ஜனவரில நிக்காஹ்… பத்திரிகை எல்லாம்…”

“தேதிய மாத்திக்கலாம் லா. பொண்ணு எங்க ஓடிடப் போகுது?”

நிஜாமின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டு இம்ரானிடம் வந்தான்.

“அண்ணே, நீங்களும் எங்கயாச்சும் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அப்ப அது உங்க ராசிதானேண்ணே? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே.”

கடையே இம்ரானைப் பார்த்தது. மாரிஸ் அங்கிள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ்போர்ட் டிராயருக்குத் திரும்பிவிடும். நிஜாம் மாப்பிள்ளை ஆகிவிடுவான். இந்த ஏழு மாதமும் எப்படி இருந்தது என்று இந்தக் கடையில் இம்ரானைவிடத் தெரிந்தவன் இல்லை. கையில் இருந்த பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

“நான் பாக்கவே இல்ல நிஜாம்,” என்றான். “கக்கூஸ்ல இருந்தேன்.”

நிஜாம் தலையாட்டினான்.

“சரிண்ணே. போயிட்டு வாங்க. பிள்ளைய நான் கேட்டதாச் சொல்லுங்க.”