ஏறிப்போன அளவுகோல்

சொந்தத் தம்பியின் ரத்தப் புற்று செல்களைத் தட்டில் வளர்த்து, அதே கையால் அவற்றுக்கு மருந்தும் ஊற்றுகிற கொடுமை எந்த அக்காவுக்கும் வரக்கூடாது. இவளுக்கு வந்தது. வேலை பார்ப்பது மருத்துவமனையை ஒட்டிய ஆய்வகத்தில் ஆயிற்றே. வழக்கமான மருந்தெல்லாம் தம்பியைக் கைவிட்டாயிற்று. மிச்சம் இருந்தது சோதனையில் இருக்கும் ஒரு புது மருந்து. தட்டில் வேலை செய்தால்தான் உடம்பில் ஏற்றுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவை பொறுப்பே வராத செல்கள். முதிராது, ஒரு வேலையும் செய்யாது, பெருகுவது ஒன்றே குறி. மருந்து வேலை செய்தால் பெருகச் சொல்லும் மரபணு அடங்கும், முதிரச் சொல்லும் மரபணு விழிக்கும். எந்நேரமும் ஒரே நிலையில் இருக்கும் வேறொரு மரபணுவை அளவுகோலாக வைத்துத்தான் இரண்டையும் அளப்பார்கள். எதற்கும் இரண்டு அளவுகோல் வைப்பது ஆய்வக வழக்கம். அவளுக்கு அன்று பொறுமை ஏது? ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

காலையில் பார்த்தால், பெருகச் சொல்லும் மரபணு அதல பாதாளத்தில் கிடந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"குண்டா, அடங்கிடுச்சுடா."

எலும்பும் தோலுமாகிவிட்ட அந்தக் குண்டன், "பசிக்குதுக்கா" என்றான்.

மத்தியானம் முதிரச் சொல்லும் மரபணுவின் கணக்கு வந்தது. ஏறியிருக்க வேண்டிய அதுவும் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. அவள் அளவுகோலையே எடுத்துப் பார்த்தாள். மருந்து பட்டதும் தறிகெட்டு ஏறியிருந்தது அதுதான். கோல் நீண்டுவிட்டால் எல்லாமே குட்டையாகத்தானே தெரியும். வேறு அளவுகோல் வைத்து மறுபடி அளந்தாள். ஒன்றும் அடங்கவில்லை, ஒன்றும் விழிக்கவில்லை. நாற்காலியில் சரிந்து வாய்விட்டு அழுதாள்.

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் தோன்றியது, மறைப்பானேன். காலைக் கணக்கை நீட்டினால் டாக்டர் மருந்தை ஏற்றிவிடுவார். ஆனால் கேட்காத மருந்து அவனை இன்னும் வதைத்துத்தான் கொல்லும். முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னக்கா, டாக்டர் முடியாதுன்னுட்டாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லலடா. நான்தான் அவசரப்பட்டுத் தப்பா அளந்துட்டேன். மருந்து கேக்கல."

"வேற மருந்து?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தான். அவள்மேல் கோபப்படுவான், நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"அடங்கிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா. போன்லயே சிரிச்சாங்க. கெளம்பி வந்துட்டிருக்காங்க" என்றான். "இப்ப யாரு சொல்றது?"

அவள் அவனுடைய எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டின் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.